சோழபுரத்தில் ஒரு சீன டீ!

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டீ என்றால் ஸ்ட்ராங், லைட், சர்க்கரை கம்மி... அவ்வளவுதான் வெரைட்டி. அப்படிப்பட்ட ஊர்ப் பசங்க கையில் 'ஊலாங்' டீ கிடைத்தால் என்ன ஆகும்?

மேட்டர் இதுதான். நண்பன் ஒருத்தன் டாக்டருக்குப் படிக்க சீனா கிளம்புகிறான். ஃபூஜியான் மாகாணம். 'கண்காணாத தேசத்துக்குப் போறானே'ன்னு ஒரு மாசமா அவங்கம்மாவுக்குச் சோறு இறங்கலை. அங்கே படிக்கிற சீனியர் அண்ணன் லீவுக்கு வந்தப்போ, "இதைக் குடிச்சுப் பழகு"ன்னு ஒரு டீ பாக்கெட்டைக் கொடுத்துட்டுப் போனார். பையன் கிளம்பறதுக்குள்ள ஒரு ட்ரிப் அடிக்கணுமே! அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி, சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி குடித்து, போன ஞாயிறு கங்கைகொண்ட சோழபுரத்தில் போய் இறங்கினோம்.

கோயில் பக்கத்து டீக்கடையில் வெந்நீர் மட்டும் கேட்டோம். "பால் வேணாம், சர்க்கரை வேணாம்... உடம்புக்கு முடியலையா தம்பி?" என்றார் மாஸ்டர்.

பாக்கெட்டைப் பிரித்தால் தூளே இல்லை. காய்ந்த பட்டாணி சைஸில் பச்சை உருண்டைகள். வெந்நீர் பட்டதும் ஒவ்வொன்றும் மெதுவாக விரிந்து முழு இலையாகிவிட்டது! பூ வாசனை. ருசி? முதல் வாயில் 'இதுக்கா இவ்ளோ பில்டப்பு' என்றுதான் தோன்றியது. இரண்டாவது கிளாஸில்தான் தொண்டையில் லேசாக ஒரு இனிப்பு.

கிரீன் டீ, நம்ம டீ, ஊலாங்... மூணும் ஒரே செடிதான். பறித்த கையோடு இலைக்குச் சூடு காட்டினால் கிரீன் டீ. கசக்கி, காற்றுபட்டு முழுசாகக் கறுக்கவிட்டால் நம்ம டீ. ஊலாங் நடுவில் நிற்கிற ஆள். வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டில் குலுக்குவார்கள். இலையின் ஓரம் அடிபட்டுச் சிவக்கும். போதும் என்று தோன்றும்போது வறுத்து நிறுத்திவிடுவார்கள். எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில்தான் பாதி வெரைட்டி. நாங்கள் குடித்த 'தியே குவான்யின்' சீக்கிரமே நிறுத்திய ரகம், ஆன்ஷி என்ற ஊரின் ஸ்பெஷல். ஊயி மலைப் பாறை இடுக்கில் விளையும் 'தா ஹொங் பாவ்' கறுத்து, நெருப்பில் வாட்டிய வாசனையோடு இருக்கும். அதன் பழைய தாய்மரங்களில் 2006-லிருந்து இலை பறிப்பதே இல்லை. தைவானில் 'டோங் டிங்', குவாங்டாங்கில் 'டான் சோங்' என்று லிஸ்ட் போகிறது.

அதே இலையில் ஐந்தாறு தடவை வெந்நீர் ஊற்றலாம் என்றோம். மாஸ்டர் சிரித்துவிட்டார். "ஒரே தூள்ல ஆறு டீ போட்டா என்னைய அடிக்க வருவாங்கப்பா!"

கிளாஸோடு உட்கார்ந்து கோபுரத்தைப் பார்த்தோம். இங்கிருந்து ஆண்ட ராஜேந்திர சோழனின் தூதுக்குழு 1033-ல் சீனா போயிருக்கிறது. குலோத்துங்கன் காலத்தில், 1077-ல் இன்னொன்று. (அவங்க ஊலாங் குடிச்சிருக்க சான்ஸ் இல்லை. அது பிறந்ததே பல நூறு வருஷம் கழிச்சு!) இன்னொரு ஆச்சரியம்... ஆன்ஷி இருப்பது சுவான்ஜோ நகரத்தின் எல்லைக்குள். அந்த சுவான்ஜோவில், சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்லும் 1281-ம் வருஷத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது!

நண்பன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் போனை எடுத்தான்.

"அம்மா, நான் போற பக்கம் சிவன் கோயில் இருந்துச்சாம். கல்வெட்டு தமிழ்லயே இருக்குதும்மா."

"இப்ப கோயில் இருக்கா?"

"இல்லம்மா. கல்லும் சிற்பமும்தான் மிச்சம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த டீயில கொஞ்சம் மிச்சம் வச்சு எடுத்துட்டு வா, நானும் குடிச்சுப் பாக்கறேன்."

ராத்திரி அம்மா அதைப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டார். சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தோம்.