ஒரே மாதிரி ஆட்கள் போதுமா?

உடையார்பாளையத்துக் கைத்தறிச் சேலை ஒருவர் கையில் முடிவதில்லை. டிசைன் போடுபவர், சாயம் போடுபவர், நெய்பவர் என்று பலர் சேர வேண்டும். பேப்பரில் அழகாக இருந்தாலும், தறியில் வராது என்று நெய்பவர் சொன்னால் டிசைன் மாறித்தான் ஆக வேண்டும்.

எந்தப் புதுப் பொருளுக்கும் இதே கதைதான். ஜெய்ப்பூர் காலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நாட்டுச் செயற்கைக் கால், ஷூ போட்டு நாற்காலியில் உட்காருபவரை நினைத்துச் செய்தது. வெறுங்காலோடு வயலில் இறங்கி, தரையில் சம்மணமிடும் நம் விவசாயிக்கு அது சரிப்படவில்லை. 1960-களின் கடைசியில் டாக்டர் பி.கே.சேத்தியும், அதிகம் படிக்காத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்தார்கள். ஒருவருக்கு உடற்கூறு தெரியும். இன்னொருவருக்குக் கைவேலை தெரியும். வளைந்து கொடுக்கிற, சேற்றிலும் நடக்கிற ரப்பர் கால் பிறந்தது.

ஆனால் சேர்ந்தால் மட்டும் போதுமா? 1981-இல் மகசேசே விருது டாக்டர் பெயருக்கு மட்டுமே வந்தது.

நண்பர்களே, உங்கள் ப்ராஜெக்ட் குழுவில் வேறு ஊர், வேறு பழக்கம் உள்ள ஒருவரையும் சேருங்கள். பேச்சு புரிய நாளாகும், சண்டையும் வரும். பரவாயில்லை. முடிவில் அவர் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.