பாலகன் ஏறிய சிங்காதனம்

ஆர்தர் என்று ஒரு மன்னன் மெய்யாகவே வாழ்ந்தானா என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் இன்றளவும் தீர்மானித்தபாடில்லை. ஆயினும், 12-ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி லத்தீனில் எழுதிவைத்ததும், பின்னாளில் தாமஸ் மாலரி விரித்துரைக்க 1485-இல் காக்ஸ்டன் அச்சேற்றியதுமான அந்தக் கதை, கல்லில் செருகியிருந்த வாளை உருவி அரசுரிமை பெற்ற பாலகனையும், வட்ட மேசையைச் சூழ்ந்து அமர்ந்த அவனுடைய வீரர்களையும் உலகெங்குமுள்ள சிறுவர்களுக்கு உறவினராக்கிவிட்டது. தமிழ்நாட்டில் ஆங்கிலம் பயின்ற பிள்ளைகளும் அந்தக் கதையை அறிவார்கள். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால், அரசன் இல்லாமல் வெறுமையாய்க் கிடந்த சிங்காதனத்தில் 12 வயதுப் பாலகன் ஒருவன் அமர்ந்த வரலாறு, கட்டுக்கதையாக அன்றி, அவன் காலத்திலேயே கல்லில் செதுக்கப்பட்டுக் காஞ்சீபுரத்தில் நிற்கிறது என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூட நாம் எடுத்துச் சொல்வதில்லையே என்ற ஏக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் காந்தி ரோட்டுக் கடைகளிலே ஒரு பகற்பொழுதைக் கழித்துவிட்டு, காமாட்சியம்மனையும் வரதராஜரையும் சேவித்து ஊர் திரும்புவதே வழக்கம். அவர்களில் பலர் எட்டிப் பாராத கோயில் ஒன்று உண்டு. பரமேச்சுர விண்ணகரம் என்று திவ்யதேசங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் வைகுந்தப் பெருமாள் கோயிலில், கீழ்த்தளத்தில் வீற்றிருந்தும், நடுத்தளத்தில் பள்ளிகொண்டும், மேல்தளத்தில் நின்றும் எம்பெருமான் காட்சி தருகிறான். கருவறையைச் சுற்றி வரும் திருச்சுற்று மாளிகையில், சிங்கத் தூண்களுக்கு அப்பால், சுவர் நெடுகிலும் இரண்டு வரிசையாக ஓடும் சிற்பங்களில் பல்லவர் வமிசத்தின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. நான்முகன் தொடங்கி, அங்கிரசர், பிருகஸ்பதி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமா என்று இறங்கி, பல்லவன் என்னும் மூலபுருஷன்வரை வருவது புராணம். அதற்கப்பால் நடப்பது சரித்திரம். மணற்கல்லாதலால் முகங்கள் மழுங்கிவிட்டன. ஆனாலும் நிதானமாகப் பார்ப்பவனுக்கு முடிசூட்டு விழாவும், யானைப் படையும், போர்க்களமும் இன்னும் துலக்கமாகவே தெரியும்.

8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் பரமேசுவரவர்மன் சந்ததியின்றி இறந்துபட, காஞ்சி மாநகரம் தலைவனற்றுத் தவித்தது. அந்நிலையில் மாத்திரர் என்னும் அமைச்சரும், கடிகையார் என்னும் கல்விச்சாலையோரும், மூலப்பிரகிருதி என்று சாசனம் குறிக்கும் குடிமக்களும் கூடி, சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்த இரணியவர்மனிடம் சென்று தங்களுக்கு ஓர் அரசனைத் தருமாறு வேண்டினார்கள். அவன் தன் புதல்வர் நால்வரையும் அழைத்து, உங்களில் யார் போவீர்கள் என்று கேட்டான். ஸ்ரீமல்லனும், ரணமல்லனும், சங்கிராமமல்லனும் மறுத்துவிட்டார்கள். கடைக்குட்டியாகிய பல்லவமல்லன் மட்டும் தான் போவதாகச் சொன்னான். பன்னிரண்டே வயது நிரம்பிய பிள்ளையை எங்ஙனம் அனுப்புவது என்று தந்தை தயங்கியதையும், தரணிகொண்ட போசர் என்னும் பெரியவர் அவனுடைய வருங்காலப் பெருமையை எடுத்துரைத்து அந்தத் தயக்கத்தைப் போக்கியதையும் சிற்பங்களின்மேல் பொறித்த தமிழ் வாசகங்கள் சொல்லுகின்றன. மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் கடந்து வந்த அவனைப் பல்லவடி அரையர் பெருஞ்சேனையோடு எதிர்கொண்டு யானைமீது ஏற்றிவர, மகாசாமந்தரும் நகரத்தாரும் திரண்டு வரவேற்று, நந்திவர்மன் என்னும் அபிஷேகப் பெயர் சூட்டி முடிபுனைந்தார்கள்.

இந்தக் காட்சிகளில் என் நெஞ்சைக் கவர்வது மணிமுடியன்று. அரசனைத் தேடிப் போனவர்களின் வரிசையே. ஆர்தருக்கு உரிமை தந்தது ஒரு வாள். பல்லவமல்லனுக்கு உரிமை தந்தவர்களோ ஊராரும், கற்றோரும், அங்காடி நடத்திய நகரத்தாருமே. அவர்கள் வந்து வேண்டியதையும், மூத்தவர் மூவர் மறுத்ததையும், இளையவன் இசைந்ததையும் மறைக்காமல் கோயிற் சுவரிலேயே எழுதிவைத்தது அந்த அரசகுலத்தின் பெருந்தன்மை என்றே நான் கொள்கிறேன்.

அவனைச் சூழ்ந்த வீரர்களுள் தலையாயவனை அறிய வேண்டுமானால் சுவரை விட்டுச் செப்பேட்டுக்குச் செல்ல வேண்டும். நந்திவர்மனின் 21-ஆம் ஆட்சியாண்டில் எழுந்த உதயேந்திரச் செப்பேடு, வேகவதி நதிக்கரையிலிருந்த வில்வலபுரத்துக்கு அதிபதியும் பூசான் குலத்தவனுமாகிய உதயசந்திரன் என்னும் சேனாபதியின் கீர்த்தியை விரிவாகப் பாடுகிறது. திராவிட அரசர்கள் நந்திபுரத்தை முற்றுகையிட்டுப் பல்லவமல்லனை உள்ளே அடைத்து வைத்திருந்தபோது, அந்தச் செய்தியைப் பொறுக்கமாட்டாமல் சேனையோடு விரைந்து சென்று, பகைவருள் ஒருவனாகிய சித்திரமாயனைத் தன் வாளால் வீழ்த்தி அரசனை மீட்டவன் அவன். நெல்வேலிப் போரில் சபர அரசன் உதயணனைக் கொன்று மயிற்பீலிக் கொடியைக் கவர்ந்தவனும், வடதிசையில் அசுவமேதக் குதிரையோடு திரிந்த நிஷாதத் தலைவன் பிருதிவிவியாக்கிரனை ஓட்டியவனும், மண்ணைக்குடியில் பாண்டியப் படையைப் புறங்கண்டவனும் அவனே. இத்தனைக்கும் ஈடாக அவன் அரசனிடம் வேண்டிப் பெற்றது என்ன? தனக்கென்று ஒரு நாடன்று. நூற்றெட்டு அந்தணர்க்குத் தானமாக ஒரு கிராமம். அந்தக் கிராமம் அவன் பெயரால் உதயசந்திர மங்கலம் ஆயிற்று.

தோல்வியும் இந்தக் கதையில் உண்டு. சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் நந்திவர்மனைப் புறங்காட்டச் செய்து காஞ்சிக்குள் நுழைந்தான். அவன் தேவி தன் கணவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாகப் பட்டதக்கல்லில் கற்றளி எடுப்பித்தாள் என்றால், பல்லவர்க்கு நேர்ந்த அவமானம் சிறிதன்று. ஆனால், வென்றவன் நகரத்தை அழிக்கவில்லை. இராசசிம்மேசுவரம் எனப்பட்ட கைலாசநாதர் கோயிலின் பெருஞ்செல்வத்தைக் கண்டு, அதனை இறைவனுக்கே திரும்பக் கொடுத்தான். அக்கோயில் தூணொன்றில் கன்னட எழுத்தில் அந்தச் செய்தி இன்றும் இருக்கிறது. பகைவன் தன் ஊரில் வெட்டிவைத்த சாசனத்தை, மொத்தம் 60 ஆண்டுகளுக்கு மேல் அரசாண்ட நந்திவர்மன் அழிக்காமல் விட்டுவைத்தானே, அதையும் நான் வீரத்தின் கணக்கிலேயே சேர்ப்பேன்.

இச்சிற்பங்களுக்குப் பொருள் சொல்லத் தன் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்டவர் சி. மீனாட்சி அம்மையார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்ற அந்தப் பெண்மணி 1940-இல் இளம் வயதிலேயே காலமானார். வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பற்றிய அவர் நூலைத் தொல்பொருள் துறை மறு ஆண்டில் வெளியிட்டது. அது ஆங்கிலத்தில், அறிஞர்களுக்காக எழுதப்பட்ட நூல். சுவரின் வாசகங்களையும், உதயேந்திரச் செப்பேட்டையும், கைலாசநாதர் தூணின் கன்னடச் சாசனத்தையும் ஒன்றாகச் சேர்த்து, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் தானே படித்து மகிழும்படியான தமிழில், சிற்பங்களின் கோட்டுச் சித்திரங்களோடு ஒரு சிறு நூல் வர வேண்டும். அதைக் கையில் கொடுத்து, காஞ்சிப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை அந்தத் திருச்சுற்றுக்கு ஆண்டுக்கொரு முறையேனும் அழைத்துச் செல்ல வேண்டும்.