சின்னப் பறை போதும் எங்களுக்கு

ராசிபுரம் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தெரு. போன ஆடியில் பிள்ளைகளுக்காக இரண்டு பறை வாங்கினோம். ஒன்று 14 அங்குலம், இன்னொன்று 12 அங்குலம். பிள்ளைகள் எல்லோரும் சின்னதுக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். "இது தெருமுனை வரைக்குமாவது கேக்குமா?" என்று பெரியவர்கள் சிரித்தார்கள்.

சின்னதைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பறையைத் தோளில் மாட்டி, இடது கையால் அணைத்துப் பிடிக்க வேண்டும். அந்தக் கையிலேயே சிண்டுக்குச்சி. வலது கையில் அடிக்குச்சி. அடித்துக்கொண்டே குனிய வேண்டும், சுற்ற வேண்டும், குதிக்க வேண்டும். 12 வயதுப் பிள்ளை பெரிய சட்டத்தை அணைத்தால் முழங்கை வெளியே தள்ளிக்கொள்ளும். கால் மணி நேரத்தில் தோள் கடுக்கும். சின்னது உடம்போடு ஒட்டி நிற்கும். ஒரே தோலை ஒரே இறுக்கத்தில் கட்டினாலும், வட்டம் சிறிதானால் சத்தம் மேலே போகும். வேக அடி தெளிவாக விழும். அடித்தொனி குறையும்தான். அதற்குப் பெரியது ஒன்று கூட நின்றால் போதும்.

செய்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். வேப்பமரத்தை மூன்று வளைவாக அறுத்து, இரும்புத் தகடு வைத்து வட்டமாகச் சேர்ப்பார்கள். ஊறவைத்துச் சுரண்டிய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் காயவிடுவார்கள். அடிக்கும் முன்னால் வைக்கோல் தீயில் காட்டினால் ஈரம் போய்த் தோல் இறுகும். இப்போது தீ வேண்டாத ஃபைபர் பறையும் வந்துவிட்டது.

தாத்தா காலத்தில் பறையின் அளவை அடிக்கிறவர் முடிவு செய்யவில்லை. ஊர் முடிவு செய்தது. சாவு விழுந்தால் ஆள் வரும். காலையில் தொடங்கினால் பிணம் எடுக்கும் வரை அடிக்க வேண்டும். கை ஓய்ந்தால் "சத்தம் பத்தலடா" என்று ஒரு குரல் வரும். அப்படிக் கூப்பிட்ட பையனுக்குத் தாத்தா வயதில் பாதிகூட இருக்காது. கூலி கொஞ்சம் தானியம், கொஞ்சம் சாராயம். தோளில் வார் அறுத்த தழும்பு மட்டும் கடைசிவரை இருந்தது. அப்பா தலைமுறை பறையைக் கீழே வைத்தது. அதற்காகக் காட்டு வேலை நின்றது, கடையில் கடன் நின்றது. ஆனாலும் திரும்ப எடுக்கவில்லை.

அதனால்தான் எங்கள் பெண் பிள்ளை பறையைத் தொட்டபோது அவள் தாத்தா கலங்கினார்: "எதுக்குக் கண்ணு இதைத் தொடறே? நாங்க விட்டதே பெரும்பாடு." அவர் கேட்டதில் தப்பில்லை. அவள் சொன்னதிலும் தப்பில்லை: "யாரும் கூப்பிடல தாத்தா. நானாத்தான் எடுத்தேன்."

எங்கள் குழுவில் ஒரு தம்பி கித்தார் வாசிக்கிறான். அவனும் பெரியதை விற்றுவிட்டுச் சின்ன உடல் கித்தார் வாங்கினான். அவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். 1916-ல் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி, போர்க்கப்பலின் பெயரை வைத்து 'டிரெட்நாட்' என்ற பெரிய கித்தாரைச் செய்தது. அதற்கு முன் கித்தார்கள் பெரும்பாலும் சிறியவைதான். கூட்டத்தில் கேட்க வேண்டும் என்றுதான் உடல் பெருத்தது. மைக் வந்த பிறகு அந்தக் கட்டாயம் குறைந்தது. அக்குளுக்கு அடங்குகிற சின்னதையே கைத்தொழிலாளர்களிடம் கேட்டு வாங்குகிறவர்கள் இன்று உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். கித்தார்க்காரனை எந்த ஊரும் இழவு வீட்டுக்கு இழுத்துப் போகவில்லை.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் பறையும் கித்தாரும் சேர்ந்தே ஒலித்தன. 2025-ல் பறை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் எங்களுக்கு இன்னமும் போன் வருகிறது: "ஒரு சாவு இருக்குது, பெரிய மோளமா எடுத்துட்டு வாங்கப்பா."

எங்கள் பதில் இதுதான். சாவுக்கு வரமாட்டோம். கலை நிகழ்ச்சி என்றால் வருவோம். பேசிய பணமும் உட்கார நாற்காலியும் வேண்டும். எங்கள் பிள்ளைகள் 12 அங்குலப் பறையோடுதான் வருவார்கள். சத்தம் பத்தவில்லை என்றால் மைக் வையுங்கள்.

ஜெய் பீம்.