நேத்து மாவு ஒரு கரண்டி

போன டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி இட்லி மாவுப் பாத்திரத்துக்கு முன்னால உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். ஞாயிறு காலையில சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு அந்த மாவுதான் பாடம். மாவோ கல்லு மாதிரி அசையாம கிடந்தது.

சொந்த ஊர் பாளையங்கோட்டை பக்கம். வேலைக்காகப் பெங்களூரு வந்து அடுகோடியில குடியேறி பதினோரு வருஷம் ஆச்சு. 2008-லயே பாஷ்னு பேர் மாத்தின கம்பெனியை எங்க தெருப் பெரியவங்க இன்னும் 'மைக்கோ'ன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சின்னத் தமிழ்ச் சபையில, அஞ்சுல இருந்து எட்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள் என் பொறுப்பு.

எனக்குத் தெரிஞ்ச முறை ஊர்ல நான் படிச்ச முறைதான். சுத்தி உட்கார வச்சு ஆளுக்கொரு வசனம் வாசிக்கச் சொல்றது. ஒரு நாள் எட்டு வயசுப் பையன் ஒருத்தன் முதல் வார்த்தையிலேயே திணறிட்டான். அரசுக் கன்னடப் பள்ளியில படிக்கிறவன். மத்த பிள்ளைகள் சிரிச்சிட்டாங்க. நானும் "பரவால்ல, அடுத்த ஆள் வாசி"ன்னு சொல்லித் தாண்டிப் போயிட்டேன். அடுத்த ரெண்டு ஞாயிறு அவன் வரலை.

என்னை உறுத்தினது ஒரு பழைய கதை. 1780-ல இங்கிலாந்தின் க்ளஸ்டர் நகரத்துல ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியை நடத்த ஆரம்பிச்சதே, வாரம் முழுக்க வேலைக்குப் போற ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து வாசிப்புச் சொல்லித்தரத்தான். வாசிக்கத் தெரியாத பையனுக்காக வந்த பள்ளி அது. வாசிக்கத் தெரியலைங்கிறதாலயே அவனை நான் வெளியே அனுப்பிட்டேனே!

அவன் அம்மா தள்ளுவண்டியில இட்லி விக்கிறவங்க. தேடிப் போனேன். "ஞாயித்துக்கிழமை ஆனா வயித்து வலிங்கிறான் சார்"னாங்க. பையன் தட்டு கழுவிட்டு இருந்தான். "தப்பு என்னோடதுப்பா. இனிமே யாரையும் வாசிக்கச் சொல்ல மாட்டேன்"னு அவன்கிட்டயே சொன்னேன். பதில் இல்லை. நாலு இட்லி சாப்பிட்டுட்டு வந்துட்டேன்.

வீட்டம்மாவோட யோசனைப்படி கையால செய்யிற பாடங்களுக்கு மாறினோம். காணாமப் போன வெள்ளிக்காசு கதைக்கு, அறையை இருட்டாக்கி, விளக்கும் விளக்குமாறும் கொடுத்து ஒரு ரூபாயைத் தேட வைத்தோம். மணல்மேல் கட்டின வீட்டுக்கு ஒரு தாம்பாளம் மணலும் ஒரு சொம்புத் தண்ணியும் போதும். அடுத்து மத்தேயு 13-ல வர்ற புளித்த மா உவமை. நமக்கு இட்லி மாவை விட்டா வேற என்ன?

ஆனா பெங்களூரு கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேல இருக்கு. டிசம்பர் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கிடும். பாளையங்கோட்டையில காலைக்குள்ள பொங்கி வழியிற மாவு, இங்கே தூங்கிட்டே இருந்தது.

காலையில மூடியைத் திறந்து காட்டினேன். பிள்ளைகள் இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. கதவோரமா, இறங்கி ஓட வசதியா உட்கார்ந்திருந்தான் அந்தப் பையன். அன்னைக்குத்தான் திரும்ப வந்திருந்தான்.

"அங்கிள், நேத்து மாவு ஒரு கரண்டி போடலையா?"

"ஏன்டா?"

"குளிர்ல அது போட்டாத்தான் பொங்கும். அம்மா கோணி சுத்தி அடுப்புப் பக்கத்துல வைப்பாங்க."

எனக்கு வாயடைச்சுப் போச்சு. அந்த உவமையோட அர்த்தமே அதுதானே? அந்தக் காலத்துல ஈஸ்ட் பாக்கெட் ஏது? பழைய புளிச்ச மாவைத்தான் புது மாவுக்குள்ள அடக்கி வைப்பாங்க. உவமையில வர்ற மூணு படி ஏறக்குறைய 36 லிட்டர் மாவுன்னு சொல்றாங்க. அவ்வளவையும் மாத்த கொஞ்சம் பழசு போதும். நாப்பது வயசு வரைக்கும் வாசிச்ச எனக்குப் புரியாததை, வாசிக்க வராத பையன் சொல்லிட்டான்.

அடுத்த வாரம் அவன் அம்மா கொடுத்தனுப்பின பழைய மாவை அவன்தான் கரண்டியால எல்லாருக்கும் பங்கு போட்டான். ஆளுக்கொரு பாட்டில், பாதி மாவு, மட்டத்துல ஒரு ரப்பர் பேண்ட். (செய்து பார்க்கிறவங்க மூடியை இறுக்காதீங்க, காத்து சேர்ந்து வெடிக்கும்!) திங்கள் காலையில "பொங்கிடுச்சு அங்கிள்"னு வரிசையா போன்.

வாசிப்பு? இன்னும் திணறத்தான் செய்யிறான். மத்த பிள்ளைகளும் வசனத்தை வீட்டுல மனப்பாடம் பண்ணிட்டு வந்துதான் 'வாசிச்சிருக்காங்க'ன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. தமிழ் எழுத்து அவங்கள்ல பாதிப்பேருக்குத் தெரியாது. 1706-ல தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோட உட்கார்ந்து மணல்ல விரலால எழுதித்தான் தமிழ் கத்துக்கிட்டார். இப்போ நாங்களும் தட்டுல ரவை பரப்பி, வாரம் ரெண்டு எழுத்து எழுதுறோம். என் மகளும் அந்தப் பையனும் ஒரே தட்டு. போன வாரம் 'ழ'வுக்குச் சுழி எந்தப் பக்கம்னு ரெண்டு பேருக்கும் சண்டை.

உங்க ஊர்ல குளிர் காலத்துல மாவு எப்படிப் பொங்க வைக்கிறீங்க? பிள்ளைகளுக்குத் தமிழ் எப்படிச் சொல்லித் தர்றீங்க? ரெண்டையும் சொல்லுங்க.