கல்லும் பறையும்

உலகத்து மக்கள் பலரும் தம் முன்னோர் ஆடிய ஆட்டங்களையும் முழக்கிய இசையையும் ஆண்டுக்கொரு முறையேனும் விழாவெடுத்துப் போற்றுதல் இயல்பு. அத்தகு விழாக்களுள் பெரும்புகழ் வாய்ந்தது ஸ்காட்லாந்து தேயத்து மலைநாட்டு ஆட்டவிழா ஆகும். அத்தேயத்துப் பிரேமர் என்னுஞ் சிற்றூரிலே ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்களின் முதற் சனிக்கிழமையன்று அவ்விழா நிகழ்கின்றது. 1848ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் அங்கு நேரிற் சென்று கண்டு மகிழ்ந்தனர். நெடிய மரத்தண்டினை நிமிர்த்துத் தூக்கித் தலைகீழாய்ப் புரள எறிதலும், சம்மட்டி வீசுதலும், கல்லெறிதலும், வடம் பிடித்திழுத்தலும் ஆண்டு நிகழும் ஆட்டங்களாம். தோற்பையிற் காற்றடைத்து ஊதும் குழல் இடையறாது முழங்க, அதற்கியைய ஆடவரும் மகளிரும் அடிபெயர்த்தாடுவர்.

அம்மலைநாட்டார்க்குக் கல் தூக்குதல் வெறும் விளையாட்டன்று. குடித்தலைவனது மனையருகே கிடந்த பெருங்கல்லைத் தூக்கிய இளைஞனையே ஆண்மகன் என மதிக்கும் வழக்கம் அவர்பால் இருந்தது. டொனால்டு டின்னி என்னும் மல்லர் 1860ஆம் ஆண்டிலே, இரண்டுஞ் சேர்ந்து ஏறக்குறைய 332 கிலோ எடையுள்ள இணைகற்களை ஒருங்கே சுமந்து பாலமொன்றைக் குறுக்கே கடந்தார் என்பர். இதனைப் படித்தவிடத்து எமக்கு வியப்பினும் மிகுதியாக உவகையே தோன்றிற்று. நம் தென்னாட்டு ஊர்களின் மந்தைகளிலும் சாவடிகளிலும் கிடக்கும் இளவட்டக்கல் அதற்கு உடன்பிறப்பன்றோ? அதனைத் தூக்கியவனுக்கே பெண் கொடுப்பர் என்னும் வழக்குரை நம் ஊர்களில் இன்றும் வழங்குகின்றது.

சென்ற பொங்கல் விடுமுறையில், உடன் பயிலும் நண்பர் ஒருவரது அழைப்பிற்கிணங்கித் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றோம். அம்மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலையொட்டி இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடைபெறும் எனக் கேள்வியுற்று, அதனைக் காணும் வேட்கையோடு போந்தோம். உருண்டு வழவழப்பாய் இருக்கும் அக்கல்லிலே கைப்பிடிக்க இடமில்லை. வலிமை ஒன்றே போதாது; வகையும் அறிதல் வேண்டும். குந்தியிருந்து கல்லை அணைத்து முழங்காலின் மீது ஏற்றி, அங்கிருந்து மார்பிற்கும், மார்பினின்று தோளுக்கும் உயர்த்திப் பின்புறமாக எறிதல் முறை. நூறு கிலோவினை விஞ்சிய கற்களும் அங்கு உள. ஆடவரேயன்றி மகளிரும் கல் தூக்க முன்வருதல் அவ்வூரின் தனிச்சிறப்பு. தோற்றவரைப் பழிப்பாரும் ஆங்கில்லை. கல் தோளேறியபோது கூட்டத்தார் அனைவரும் தாமே தூக்கினாற்போல ஆர்ப்பரித்தனர்.

மீண்டு வரும் வழியில் வேறோர் ஊரிலே பறையொலி கேட்டு நின்றோம். வைக்கோலைக் கொளுத்தி அத்தீயிலே தோலைக் காய்ச்சி முறுக்கேற்றிய கலைஞர், நீண்டு மெலிந்த சுண்டுகுச்சியை ஒரு கையிலும், குறுகித் தடித்த அடிகுச்சியை மற்றொரு கையிலுங் கொண்டு முழக்கினர். தொல்காப்பியனார் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்தெண்ணியதும், முல்லை நிலத்திற்கு ஏறுகோட்பறையை உரியதாக்கிய மரபும் எம் நினைவிற்கு வந்தன. ஏறு தழுவும் ஆட்டமும் அதற்குரிய முழக்கமும் பண்டே இணைபிரியாதன என்பதனை வகுப்பறையிற் படித்துள்ளோம். அன்று செவியாற் கேட்டோம். ஊரார் அவ்விசைக்கு மெய்ம்மறந்து ஆடினர். ஆயின் ஆட்டம் முடிந்தபின் பந்தலினுள்ளே அனைவரும் உணவருந்த, முழக்கியவர் மட்டும் வேலியோரத்தே இலை விரித்திருந்தனர். அதனைக் கண்ட எம் நண்பர் தலைகுனிந்தார். யாமோ ஒன்றும் பேசவில்லை.

பேசாமைக்குக் காரணம் உண்டு. எம் பாட்டனார் பறை முழக்குவதில் வல்லவர். அவர் திருமுழுக்குப் பெற்றுத் திருச்சிராப்பள்ளிக்குப் போந்து பாலக்கரையிற் குடியேறிய நாள்தொட்டு, எம் இல்லத்திலே பறை என்னும் சொல்லும் வழங்கியதில்லை. ஊர் திரும்பிய அன்றிரவு அப்பாயியிடம் இதனை வினவினோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்து, பின்னர், "கொட்டு கேட்டு ஆடுனவங்க எல்லாம் கொட்டுனவர வாசலுக்கு வெளியதானேய்யா நிக்க வெச்சாங்க? உங்க தாத்தா கொட்ட வெறுக்கல, அந்த வாசலத்தான் வெறுத்தாரு" என்றார். அருகிருந்த எந்தையார் எழுந்து வெளியே சென்றுவிட்டார்.

அச்சொல் எம்மை ஸ்காட்லாந்தின் வரலாற்றை மீட்டும் ஆராயச் செய்தது. அரசனை எதிர்த்த மலைநாட்டுக் குடிகள் கல்லோடன் போரிலே 1746ஆம் ஆண்டில் முறியடிக்கப்பட்டனர். அவ்வாண்டே அவர்தம் மரபுடையை ஆடவர் அணிதல் ஆகாதெனச் சட்டம் பிறந்தது. 1782ஆம் ஆண்டிலேதான் அது நீங்கிற்று. பின்னர் 1822ஆம் ஆண்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவிற்கு வந்தபோது, வால்டர் ஸ்காட் என்னும் நாவலாசிரியர் அமைத்த விழாக்கோலத்தில், பிரபுக்கள் பலரும் அவ்வுடையையே அணிந்து திரண்டனர், மன்னரும் அணிந்தார். ஆனால் அதே காலத்திலேதான், நிலவுடைமையாளர் பலர் ஆட்டுமந்தைகளுக்கு இடம் வேண்டி, அம்மலைநாட்டு ஏழைக் குடிகளை அவர்தம் குடிசைகளினின்றும் வெளியேற்றினர். உடை அரண்மனை புகுந்தது. உடையவனோ கப்பலேறிக் கனடா சென்றான்.

ஆகவே, ஒரு கலையைப் போற்றுதல் வேறு, கலைஞனைப் போற்றுதல் வேறு என்பது தெளிவு. முன்னது எளிது, ஒரு நாள் விழாவில் முடிந்துவிடும். பின்னது அரிது, பந்தியிலே இடங் கொடுத்தல் வேண்டும். எம் பாட்டனார் பறையைத் துறந்தது தம் மரபைத் துறந்ததாகாது. அவர் துறந்தது மரபின்மேற் பிறர் ஏற்றிய இழிவையே என்க.

கிறிஸ்தவர்க்குப் பறை ஆகுமோ என வினவுவாரும் நம்மிடை உளர். ஸ்காட்லாந்துத் திருச்சபை நெடுங்காலம் இசைக்கருவி எதனையும் வழிபாட்டினுள் விடாதிருந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் ஆர்கனை ஏற்கத் தொடங்கிற்று. இன்று ஆர்கனின்றி வழிபாடில்லை என்பார், அதுவும் ஒரு நாள் வாயிலில் நின்ற விருந்தே என்பதனை மறத்தலாகாது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியிற் பணியாற்றிய அருள்திரு தியோபிலஸ் அப்பாவு ஐயர், நாட்டுப்புற இசையை வழிபாட்டிற் புகுத்தி, எளியோர் தம் மொழியிலும் தாளத்திலும் இறைவனைப் பாட வழிகோலினார். 2025ஆம் ஆண்டில் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசினர் பத்மஸ்ரீ விருது வழங்கினர். இவை நன்னிமித்தங்களாம்.

யாமும் இவ்வாண்டு முதல், வார இறுதிகளில், ஓர் ஆசானிடம் பறை பயின்று வருகின்றோம். கைகள் இன்னும் தாளத்திற்கு வணங்கவில்லை. சுண்டுகுச்சி விரலை வருத்துகின்றது. எந்தையார் இதுகாறும் அதனைக் கேட்க இசைந்தாரல்லர். அவரை வற்புறுத்த யாம் விரும்பவில்லை. அவர் செவியில் அவ்வொலி தந்தையின் புகழாக அன்றி, தந்தை பட்ட சிறுமையாகவே விழுகின்றது. அப்பாயி மட்டும் பாடம் எவ்வளவில் உள்ளது என்று வாரந்தவறாது கேட்கின்றார்.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரி விழாக்களில் பறை முழங்குங்கால் மகிழ்ந்து ஆடுங்கள். அதனினும் முந்த ஒன்று செய்யுங்கள். முழக்க வந்தவரைப் பெயர்சொல்லி வரவேற்று, விருந்திலே நும் அருகில் அமர்த்துங்கள். தூக்குதற்கரிய இளவட்டக்கல் அதுவே. ஒருவர் தோளுக்கு அது மிகப் பெரிது. நாம் அனைவரும் கைகொடுப்பின் எளிதில் எழும்.