மடக்கெழுத்தாணியும் வில்லுக்கத்தியும்

பேனாக்கத்தி என்னும் பெயரை நாள்தோறும் வழங்குவோரிற் பலர் அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. பேனா என்பது இறகைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வாத்தின் இறகைச் சீவிக் கூராக்குவதற்கு ஐரோப்பிய எழுத்தர் வைத்திருந்த சிறுகத்தியே அப்பெயரைப் பெற்றது. இறகு போய் இரும்புமுனை வந்த பின்னரும் கத்தி போகவில்லை, சட்டைப்பையிலே தங்கிவிட்டது. தமிழ் எழுத்தாளனுக்கும் கத்தி வேண்டியிருந்தது. அவன் சீவியது இறகையன்று, பனையோலையை. ஓலையின் ஓரத்தை நேராக்கவும் நரம்பை வாரவும் கத்தி, எழுதுவதற்கு ஊசி. இவ்விரண்டையும் ஒரே பிடிக்குள் மடக்கி வைக்கக் கண்ட உபாயமே மடக்கெழுத்தாணி.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, புத்தூரில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இவ்விருவகைக் கத்திகளையும் பல ஆண்டுகளாகச் சேர்த்து வந்தார். செம்மண் தோட்டங்களும் புகையிலையும் நிறைந்த அவ்வூரில் கத்தியென்றால் வேலைக்கான கருவி. அதைத் துடைத்து, எண்ணெய் பூசி, வெட்டாமல் வைத்திருப்பவரை அயலார் சற்று வியப்போடுதான் நோக்கினர். அவருடைய தொகுப்பின் பெரும்பகுதி வில்லுக்கத்திகள். அலகை விரித்தபோதும் மடித்தபோதும் இறுக்கிப் பிடிக்கும் உருக்கு வில் முதுகிலே இருப்பதால் அப்பெயர். பிரித்தானியர் காலத்தில் வந்து சேர்ந்தவை அவற்றுட் பல. பழைய வீடுகளின் பெட்டகங்களிலிருந்தும், அச்சுவேலிச் சந்தையில் பழைய இரும்பு விற்போரிடமிருந்தும் அவை ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன.

சேர்ப்போர்க்குப் பொருள் மாத்திரம் போதாது. அதைப் பற்றிய நூலும் வேண்டும். இலண்டனிலிருந்த தம்பி மூலம் அவர் பேணாட் லெவின் என்னும் அமெரிக்கர் 1985 இல் வெளியிட்ட கத்தி வழிகாட்டியைப் பெற்றார். அந்நூலைப் பிரித்ததன் பின்னரே கத்தியின் அடிப்பாகத்திலுள்ள பொறிப்புக்களை வாசிக்கக் கற்றார் எனலாம். விண்மீனும் மோல்ற்றாச் சிலுவையும் சேர்ந்திருப்பின் அது செபீல்ட் நகரத்து யோசப் றொட்ஜர்ஸ் நிறுவனத்துக் கத்தி. இங்கிலாந்து என்ற நாட்டுப் பெயர் பொறித்திருப்பின் அது பெரும்பாலும் 1891 இன் பின் செய்யப்பட்டது. ஏனெனில் இறக்குமதிப் பொருள்களிலே நாட்டின் பெயர் இருத்தல் வேண்டுமென அமெரிக்கா 1890 இல் விதித்த சட்டத்தினாற் பரவிய வழக்கம் அது. ஒருமுறை, ஒல்லாந்தர் காலத்துக் கத்தியென்று சத்தியம் செய்து விற்கப்பட்ட ஒன்றிலே முடியோடு கூடிய விக்டோறியா அரசியின் முதலெழுத்துக்கள் இருந்தன. அவ்வரசி முடிசூடிய காலம் 1837 இன் பின்னர். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை இழந்ததோ 1795 இல். ஆசிரியர் விற்றவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கத்தி தம்மிடம் வராதென்பது அவருக்குத் தெரியும்.

ஆயினும் அந்நூல்களாற் பயனில்லாத ஓரிடம் இருந்தது. செபீல்ட் கத்திக்கும் சோலிங்கன் கத்திக்கும் பெயர், முத்திரை, ஆண்டு எல்லாம் உண்டு. ஊர்க் கொல்லன் செய்த மடக்கெழுத்தாணிக்கு முத்திரையுமில்லை, ஆண்டுமில்லை. உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றிலே குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என மூவகையைக் குறிப்பிட்டு, மடக்கெழுத்தாணியின் பிடி மரத்தாலும் தந்தத்தாலும் மாட்டுக்கொம்பாலும் அமையும் என்று கூறியுள்ளார். கொல்லன் பெயரைத் தேடுவோர்க்கு அங்கும் விடையில்லை. கண்டிக் கம்மியரின் வேலைப்பாடுகளுக்கு ஆனந்த குமாரசுவாமி 1908 இல் ஒரு பெருநூல் செய்தார். எழுத்தாணிக்கு அத்தகைய நூல் ஆசிரியரின் அலுமாரிக்கு வந்து சேரவில்லை. புத்தூருக்கு அயலூரான சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். பதிப்பித்தவரின் பெயர் நிலைத்தது, அது தகும். அவ்வேடுகளைக் கீறிய ஊசிகள் பழைய இரும்போடு நிறுக்கப்பட்டன.

ஆகவே அவர் தாமே ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பக்கம். நீளம், அலகின் வடிவம், பிடியின் பொருள், ஆணிகளின் எண்ணிக்கை, யாரிடமிருந்து எப்போது வந்தது என்பன. முதற்பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டார். அது அவருடைய பாட்டனாரின் மடக்கெழுத்தாணிக்கு உரியது. மாட்டுக்கொம்புப் பிடி; ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் கத்தி. அதனாலே பாட்டனார் ஊராருக்குச் சாதகம் எழுதியவர். ஊசி அசையாதிருக்க இடக்கைப் பெருவிரல் நகத்திலே அவர் வெட்டிவைத்த பள்ளத்தைச் சிறுவயதில் ஆசிரியர் தொட்டுப் பார்த்ததுண்டு. நன்கு தெரிந்த பொருளைப் பிறகு ஆறுதலாக எழுதலாமென்பது அவர் எண்ணம்.

1995 ஒக்ரோபரிலே வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது அவரும் மனைவியுடன் புறப்பட்டார். துவிச்சக்கரவண்டியில் ஏற்றக்கூடியது சிறிது. கத்திகள் நிறைந்த பெட்டியைச் சோதனைச்சாவடிகளினூடாகக் கொண்டுபோவது அறிவுடைமையன்று என மனைவி கூறினார், அது சரியே. பெட்டியும் நூல்களும் வீட்டிலே நின்றன. குறிப்பேடு அரிசிப் பைக்குள்ளே சென்றது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை; பெட்டி இருந்த இடத்திலே பெட்டியின் அடையாளம் தரையில் இருந்தது.

அவ்வாண்டிலேதான், 1996 இல், செபீல்ட் கத்திகளைப் பற்றி ஜெப்ரி ருவீடேல் எழுதிய விரிவான நூல் இங்கிலாந்தில் வெளிவந்தது. சில ஆண்டுகளின் பின் தம்பி அதனையும் அனுப்பினார். ஆசிரியர் அதைக் குறிப்பேட்டின் அருகில் வைத்து, இல்லாத கத்திகளுக்கு ஒவ்வொன்றாகக் காலம் கணித்தார். நாலைந்து பக்கங்களிலே முன் எழுதிய ஆண்டை அடித்துத் திருத்தினார். பார்த்தவர்களுக்கு அது வீண்வேலையாகத் தோன்றியிருக்கலாம். அவருக்கோ அது கணக்கு முடிக்கும் வேலை. கையிலிருந்தபோது செய்ததைவிட அதிக கவனத்தோடு செய்தார்.

முதற்பக்கமே எஞ்சியது. நீளத்தை விரல்களால் அளந்து ஒருவாறு எழுதினார். பிடியின் நிறத்தையும் எழுதினார். ஆணிகளின் எண்ணிக்கையிலே தடைப்பட்டார். ஐம்பது ஆண்டு கையிலிருந்த பொருளிலே ஆணி எத்தனை என்று எண்ணியதில்லை. தமக்கையாரிடம் கேட்டார், மூன்று என்றார், ஐயமின்றி. இலண்டனுக்கு எழுதிக் கேட்டார். இரண்டு என்றும், நடுவிலிருந்தது ஆணியன்று, கொம்பில் விழுந்த புள்ளி என்றும் தம்பி விடை எழுதினார். குறிப்பேட்டின் அந்த வரியில் இரண்டு எண்களும் பென்சிலால் எழுதப்பட்டுள்ளன. ஏனைய பக்கங்கள் எல்லாம் மையில் உள்ளன.