பாகவதரின் கடைசிப் படம்

ஒரு கலைஞரின் வெற்றியைப் படமாளிகை வாசலில் நின்று எண்ணிவிடலாம். தோல்வியையும் அவ்வாறே எண்ணித் தீர்ப்பது முறையாகுமா? எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘சிவகாமி’யை நினைக்குந்தோறும் நம்முள் இவ்வினா எழுவதுண்டு.

1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே படமாளிகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அது ஓடிக்கொண்டிருக்கையிலேயே லட்சுமிகாந்தன் கொலைவழக்கில் பாகவதர் சிறைப்பட்டார். 1947இல் குற்றமற்றவரென விடுதலையான பின் அவர் நடித்த ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘புதுவாழ்வு’ ஆகிய எவையும் பழைய கூட்டத்தை மீட்டுத் தரவில்லை. 1959 நவம்பர் முதலாந் திகதி அவர் காலமானார். ‘சிவகாமி’ 1960இல் வெளிவந்தது, அதுவும் ஓடவில்லை.

சாரீரம் கெட்டுவிட்டதென்றனர் சிலர். நாம் அதனை ஒப்போம். மாறியது காலமே. பின்னணிப் பாடகர் வந்தபின், நடிப்பவரே பாடவேண்டுமென்ற நியதி அழிந்தது. 1937இல் பாகவதர் பாடி நடித்த ‘அம்பிகாபதி’ 1957இல் மீண்டும் படமாயிற்று. சிவாஜி கணேசன் நடித்தார், டி. எம். சௌந்தரராஜன் பாடினார், ‘ஹரிதாஸ்’ இசையில் பங்குகொண்ட ஜி. இராமநாதனே இசையமைத்தார். தாம் ஒருவராய் அமர்ந்திருந்த ஆசனத்தில் இருவர் அமர்ந்ததைப் பாகவதர் உயிரோடிருந்தே கண்டார்.

இரணைமடுக் குளத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குக் குடியேறிய எம் பாட்டனார் ‘சிவகாமி’ப் பாட்டுக்களிலே தனிப்பற்றுடையவர். இலங்கை வானொலியிலிருந்து பதிந்த ஒலிநாடா ஒன்றை வைத்திருந்தார். 1990களில் வன்னியில் மின்சாரம் ஏது? சைக்கிளைக் கவிழ்த்துவைத்துக் கையால் மிதியைச் சுழற்றுவோம். டைனமோவின் மின்னில் நாடா ஓடும். கை தளர்ந்தால் குரலும் இழுபடும்.

“மெல்லச் சுத்தாதை மோனை, பாகவதருக்கு மூச்சு வாங்குது!” என்பார்.

‘ஹரிதாஸ்’ பாட்டுக்களைக் கேட்டாலென்ன என்று ஒருநாள் வினவினோம். “அதை ஊரே கேட்டது. இதை ஆர் கேட்டவை? நாங்களாவது கேப்பம்” என்றார். கைவலியில் அவ்விடை எமக்கு அன்று அத்துணை இனிக்கவில்லை.

பாட்டனார் யுத்தம் முடியுமுன்பே கண்மூடினார். 2009இல் முள்ளிவாய்க்கால் நோக்கிச் சென்ற வழியில் அந்த நாடாவும் போயிற்று. மீள்குடியேறிய பின், அப்பாட்டுக்களைக் கைத்தொலைபேசியில் தேடியெடுத்துக் கேட்கின்றோம். வீட்டுச் சிறுவர்கள் ‘ஹரிதாஸ்’ பாட்டையே போடச் சொல்கின்றனர். போட்டுக் கொடுக்கின்றோம், அது முடிந்ததும் ‘சிவகாமி’யிலிருந்து ஒன்று.